அஞ்சு டன் பெல்ட் ஒரு டன் சரக்கைப் பிடிக்குமா? திறந்த டிரெய்லரில் லோடு கட்டுவதன் அடிப்படை

திறந்த டிரெய்லரிலும் பிளாட்பெட் லாரியிலும் லோடு ஏற்றும் இடத்தில் மூன்று பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். "வெயிட்டான பொருள், அது எங்க நகரப் போகுது?" "இது அஞ்சு டன் பெல்ட், ஒண்ணு போட்டா போதும்." "பக்கத்துலதான் போறோம், மெதுவா ஓட்டிக்கலாம்." மூன்றும் தவறு. சரக்கை அசையாமல் வைத்திருப்பது எது என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருகிற பேச்சுகள் இவை. பெல்ட்டின் பலம்தான் சரக்கைப் பிடிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான லோடுகளில் அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலை செய்வதில்லை. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் லோடு கட்டும் முறையே மாறிவிடும்.

கணக்கு கொஞ்சம் வரும். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

## சரக்கு ஏன் நகர்கிறது

நின்றுகொண்டு பயணம் செய்யும் பேருந்தில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். யாரும் நம்மைப் பின்னாலிருந்து தள்ளவில்லை. பேருந்து நின்றுவிட்டது, நம் உடல் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். சரக்கும் அப்படியே. லாரி வேகம் குறையும்போது சரக்குக்கு அந்தச் சேதி தானாகப் போய்ச் சேராது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்த வேண்டும்: அடியில் இருக்கும் தளத்தின் உராய்வு, முன்னால் இருக்கும் தடுப்பு, அல்லது கட்டு. மூன்றும் போதாவிட்டால் லாரி நிற்கும், சரக்கு போய்க்கொண்டிருக்கும்.

சரி, கனமான பொருள் தன் எடையாலேயே நின்றுவிடாதா? எடை கூடினால் தளத்தின் மேல் அழுத்தம் கூடுகிறது, உராய்வும் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அதே அளவுக்கு, பழைய வேகத்தில் போகத் துடிக்கும் விசையும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரே மாதிரி மரத்தட்டின் மேல் வைத்த 10 கிலோ பெட்டியும் 10 டன் இயந்திரமும் கிட்டத்தட்ட ஒரே பிரேக்கில்தான் வழுக்க ஆரம்பிக்கும். என்ன வித்தியாசம் என்றால், 10 டன் நகர்ந்தால் அது டிரைவர் கேபினில் போய்த்தான் நிற்கும்.

## எவ்வளவு விசைக்குத் தயாராக வேண்டும்

விசையைச் சரக்கின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். ஒரு பொருளின் முழு எடைக்குச் சமமான விசையை 1 ஜி என்பார்கள். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12195-1 ஆனாலும் அமெரிக்கப் போக்குவரத்து விதிகள் ஆனாலும் அடிப்படை எண்கள் ஒன்றே: முன்பக்கம் 0.8 ஜி, இரண்டு பக்கவாட்டிலும் 0.5 ஜி, பின்பக்கம் 0.5 ஜி. அதாவது, 1,000 கிலோ சரக்கு முன்னால் 800 கிலோ விசையோடும், பக்கத்தில் 500 கிலோ விசையோடும் தள்ளினாலும் அசையக் கூடாது. முன்பக்கத்துக்குக் கூடுதலாக வைத்ததற்குக் காரணம் அவசர பிரேக்.

பக்கவாட்டு விசை எப்போது வரும் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு ரவுண்டானாவை மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சுற்றினால் அந்த 0.5 ஜி முழுதும் வந்துவிடும். 36 கி.மீ. என்பது யாரும் வேகம் என்று சொல்லாத வேகம். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அவசர பிரேக்குக்கு நெடுஞ்சாலை வேகமும் தேவையில்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்திலும் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் பிரேக்கை முழுதாகத்தான் மிதிப்போம். "பக்கத்துலதான் போறோம்" என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. தூரம் குறைவாக இருந்தால் விசை குறையாது.

இன்னொன்று, குண்டும் குழியும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சரக்கு ஒரு கணம் லேசாகிறது, சில சமயம் தளத்தை விட்டு எழும்பவும் செய்கிறது. அந்தக் கணத்தில் உராய்வு இல்லை. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி விழுந்தே, பிரேக்கே போடாத பயணத்தில்கூடச் சரக்கு ஓரத்துக்கு நடந்து போய்விடும்.

இதுவரை பார்த்தது: எடை சரக்கைக் காப்பாற்றாது. முன்னால் எடையில் 80 சதவீதம், மற்ற திசைகளில் 50 சதவீதம் என்ற விசையை ஏதோ ஒன்று ஏற்க வேண்டும்.

## முதல் பிடி: தளத்தின் உராய்வு

அந்த விசையில் ஒரு பங்கை தளமே ஏற்கும். எவ்வளவு என்பதை உராய்வு எண் சொல்கிறது. எடையில் எத்தனை பங்கு விசை வரைக்கும் பொருள் வழுக்காமல் நிற்கும் என்பதே அந்த எண். 0.3 என்றால் 1,000 கிலோ பொருளை 300 கிலோ விசை வரைக்கும் தளம் பிடித்து வைக்கும். அதற்கு மேல் போனால் வழுக்கும்.

அறுத்த மரம் பிளைவுட் தளத்தின் மேல் இருந்தால், இரண்டும் சுத்தமாக இருக்கும்போது சுமார் 0.45. உலோகத்தின் மேல் உலோகம் என்றால் 0.2 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பிளாஸ்டிக் பேலட்டும், அதாவது சரக்கை அடுக்கும் பிளாஸ்டிக் தட்டும், அதே 0.2 அளவுதான். பனி உறைந்த தளத்தில் எந்தப் பொருளுக்கும் 0.2-க்கு மேல் நம்பக் கூடாது. இதற்கென்றே செய்த வழுக்காத ரப்பர் பாயை இடையில் விரித்தால் 0.6.

தளத்தைப் பெருக்குவது சுத்தத்துக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. தளத்தில் கிடக்கும் மணலும் சிறு கல்லும் சரக்குக்கு அடியில் உருளைகளாகிவிடுகின்றன. எண்ணெய்க் கறை அதைவிட மோசம். துடைப்பம் ஐந்து நிமிட வேலை. அது சேமித்துக் கொடுக்கும் உராய்வைப் பெல்ட்டால் ஈடுகட்டப் போனால் இன்னும் இரண்டு மூன்று பெல்ட் தேவைப்படும்.

ரப்பர் பாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சரக்கின் மொத்த எடையும் பாயின் மேல்தான் உட்கார வேண்டும். பெட்டியின் நான்கு மூலையில் பாய்த் துண்டு வைத்து, நடுப்பகுதி தொய்ந்து தளத்தைத் தொட்டால், தொடும் இடத்தில் பழைய உராய்வுதான். பாய் கிழிந்திருந்தாலும், நசுங்கித் தாளாகிப் போயிருந்தாலும் 0.6 என்ற எண் செல்லாது.

## மேலே போடும் பெல்ட் உண்மையில் என்ன செய்கிறது

ஒரு புத்தகத்தைச் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். புத்தகம் கீழே விழாது. நீங்கள் அதை மேல்நோக்கித் தூக்கவில்லை, சுவரை நோக்கித்தான் தள்ளுகிறீர்கள். அந்த அழுத்தத்தால் உண்டான உராய்வுதான் புத்தகத்தைத் தாங்குகிறது. கையைத் தளர்த்தினால் புத்தகம் நழுவும்.

சரக்கின் மேல் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் இறுக்கும் பெல்ட் செய்வது இந்த வேலைதான். இதை மேற்கட்டு என்று சொல்வோம். மேற்கட்டு சரக்கை முன்னால் போகவிடாமல் பிடித்து இழுப்பதில்லை. தளத்தோடு வைத்து அழுத்துகிறது. சரக்கின் எடையைச் செயற்கையாகக் கூட்டுகிறது என்று சொன்னாலும் சரி. அப்படியானால் முக்கியமான கேள்வி, பெல்ட் எத்தனை டன்னில் அறும் என்பதல்ல. நாம் அதை எத்தனை கிலோ விசையில் இறுக்கியிருக்கிறோம் என்பது.

ராட்செட் பெல்ட்டில், அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பல்சக்கரப் பூட்டு உள்ள பெல்ட்டில், தைத்திருக்கும் துணிச் சீட்டைப் பாருங்கள். ஐரோப்பியத் தரநிலைப்படி செய்ததானால் அதில் இரண்டு எண்கள் இருக்கும். எல்.சி. என்று போட்டிருப்பது தாங்குதிறன்: பெல்ட் பாதுகாப்பாகத் தாங்கக்கூடிய அதிகபட்ச இழுப்பு. 50 மில்லிமீட்டர் அகல பெல்ட்டுக்கு இது பெரும்பாலும் நேராக இழுத்தால் 2,500, வளையமாகச் சுற்றினால் 5,000. "அஞ்சு டன் பெல்ட்" என்ற பேச்சு வருவது இந்த எண்ணிலிருந்து. எஸ்.டி.எஃப். என்று இருப்பது இறுக்குதிறன்: கைப்பிடியை 50 கிலோ விசையோடு அழுத்தினால் பெல்ட்டில் தங்கி நிற்கும் இழுவிசை. சாதாரணக் கைப்பிடி உள்ள ராட்செட்டில் இது 300 அளவில் இருக்கும். நீளக் கைப்பிடியை இழுத்து இறுக்கும் வகையில் 500 வரைக்கும் போகும். எண்களின் பக்கத்தில் இருக்கும் அலகு டெக்காநியூட்டன். அதை ஏறக்குறைய ஒரு கிலோ விசை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேற்கட்டுக்கு 5,000 என்ற எண்ணால் பயனே இல்லை. வேலை செய்வது அந்த 300 மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ சரக்கு, தளம் கொஞ்சம் தூசியாக இருக்கிறது, உராய்வு எண் 0.3. முன்னால் வரும் விசை 800 கிலோ. தளம் தானாகப் பிடிப்பது 300. குறைவது 500. ஒரு பெல்ட் 300 இழுவிசையில் இரண்டு பக்கமும் நேர் கீழாக இழுத்தால் சரக்கின் மேல் 600 கிலோ அழுத்தம் சேரும். ஆனால் அந்த அழுத்தத்தில் 0.3 பங்குதான் உராய்வாகும்: 180 கிலோ. 500 கிலோ குறையை அடைக்க மூன்று பெல்ட். தரநிலை முன்பக்கத்துக்குக் கேட்கும் 25 சதவீதப் பாதுகாப்பு இடைவெளியையும் சேர்த்தால் நான்கு. ஒரு டன் சரக்குக்கு, ஐந்து டன் என்று எழுதிய பெல்ட் நான்கு.

அதே சரக்குக்கு அடியில் ரப்பர் பாய் விரியுங்கள். உராய்வு எண் 0.6. தளமே 600 கிலோவைப் பிடிக்கிறது, குறைவது 200. ஒவ்வொரு பெல்ட்டும் இப்போது 360 கிலோ உராய்வைச் சேர்க்கிறது. கணக்குப்படி ஒரு பெல்ட் போதும். (ஒரே பெல்ட் போட்டால் அதையே அச்சாகக் கொண்டு சரக்கு சுழன்றுவிடும் என்பதால் எப்போதும் குறைந்தது இரண்டு போட வேண்டும்.) நான்கு பெல்ட்டின் வேலையை ஒரு ரப்பர் துண்டு பாதியாகக் குறைத்துவிடுகிறது. லோடு கட்டுவதில் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடப் பெரிய ஆதாயம் வேறெதுவும் இல்லை. இருந்தும் பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் குவிந்து கிடக்கும், பாய் இருக்காது.

சுருக்கிச் சொன்னால்: மேற்கட்டு அழுத்துகிறது, இழுத்துப் பிடிப்பதில்லை. அதில் இறுக்குதிறனைப் பாருங்கள், தாங்குதிறனை அல்ல. உராய்வைக் கூட்டினால் பெல்ட்டின் எண்ணிக்கை குறையும்.

## கோணம் தின்றுவிடும் பங்கு

மேலே போட்ட கணக்கு, பெல்ட் சரக்கின் விளிம்பிலிருந்து நேர் கீழாக இறங்குகிறது என்ற நம்பிக்கையில் போட்டது. சரக்கு தளத்தின் அகலத்தைவிடக் குறுகலாகவோ உயரம் குறைவாகவோ இருந்தால் பெல்ட் சரிந்து இறங்கும். தளத்துக்கும் பெல்ட்டுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகையானால் முழு விசையும் அழுத்தமாகிறது. 60 பாகையில் 87 சதவீதம். 45-ல் 71. 30-ல் பாதிதான். நாம் பார்த்த ஒரு டன் உதாரணத்தில் 30 பாகைக் கோணம் என்றால் நான்கு பெல்ட் ஏழாகிவிடும்.

தகடு, கண்ணாடி, பிளைவுட் மாதிரித் தட்டையான சரக்கில்தான் இந்தத் தவறு அதிகம். பெல்ட் கல்லாக இறுகியிருக்கும், தட்டினால் கிண்ணென்று ஒலிக்கும். ஆனால் கிடையாகப் போகும் பெல்ட் சரக்கை அழுத்தவே இல்லை. இதற்கு வழி, சரக்கின் மேல் குறுக்குக் கட்டைகளை வைத்து உயர்த்தி, கட்டையின் மேல் பெல்ட்டைப் போடுவது. கோணம் நிமிரும், அழுத்தமும் பரவும்.

விளிம்பில் வைக்கும் மூலைக்காப்பைப் பெல்ட் அறுபடாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறோம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ராட்செட் இருக்கும் பக்கத்தில் இறுக்கம் அதிகம். பெல்ட் இரண்டு விளிம்பில் உரசி மறுபக்கம் போவதற்குள் அதில் ஒரு பகுதி போய்விடும். வழவழப்பான மூலைக்காப்பு அந்த இழப்பைக் குறைக்கிறது. ராட்செட்டுகளை ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுவதும் இதற்காகவே.

## முட்டு: பெல்ட்டைவிட நல்ல பிடி

சரக்கு நகர இடமே இல்லாவிட்டால் அதைப் பிடித்து வைக்கும் வேலை பாதியாகக் குறைகிறது. சரக்கை முன்தடுப்போடு, அதாவது கேபினுக்குப் பின்னால் நிற்கும் சுவரோடு, ஒட்டி வைப்பதும் இடைவெளியில் கட்டை, காலி பேலட் நிரப்புவதும் முட்டுக்கொடுத்தல். நம் ஒரு டன் சரக்கு பலமான முன்தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றால் முன்பக்க 800 கிலோவைத் தடுப்பு ஏற்கும். பெல்ட்டுக்கு மிஞ்சுவது பக்கவாட்டு 500 மட்டும். அதில் 300 தளத்தின் பொறுப்பு. மீதிக்கு இரண்டு பெல்ட் போதும்.

இதில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று, முன்தடுப்பின் பலம். ஐரோப்பியத் தரநிலையில் சாதாரண வகைக்கு வைத்த அளவு, வண்டியின் சுமைத்திறனில் 40 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 கிலோ விசை. 20 டன் இரும்பு அதில் வந்து மோதினால் தடுப்பு ஒரு காகிதம். இரண்டாவது, இடைவெளி. ஒரு முழம் இடைவெளி விட்டு வைத்த சரக்கு பிரேக்கின்போது வேகமெடுத்து வந்து இடிக்கும். ஒட்டி நின்றால் வரும் விசையும் ஓடி வந்து இடித்தால் வரும் விசையும் ஒன்றல்ல. சரக்குகளுக்கு நடுவே உள்ள எல்லா இடைவெளியும் சேர்ந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலில் உள்ள அளவு. அதற்குள் இருந்தால்தான் முட்டு என்று பெயர்.

எடைப் பகிர்வுக்காகச் சரக்கை முன்தடுப்பில் ஒட்ட முடியாமல் நடுவில் வைக்க நேர்ந்தால், தளத்தில் பதித்த கம்பங்களோ, சரக்கின் முன்முகத்தைச் சுற்றிப் பின்பக்கக் கொக்கிகளுக்கு இழுத்துக் கட்டிய பெல்ட்டோ அந்த வேலையைச் செய்யும்.

## நேர்க்கட்டும் செயினும்

இயந்திரங்களைக் கட்டுவது வேறு விதம். பொக்லைன், டிராக்டர், ரோலர் இவற்றின் சட்டத்தில் கட்டுவதற்கென்று வளையங்கள் இருக்கும். அந்த வளையத்திலிருந்து தளத்தின் கொக்கிக்குச் சாய்வாகச் செயின் போடுவது நேர்க்கட்டு. இங்கே செயின் அழுத்துவதை நம்பி இல்லை; இயந்திரம் நகரப் பார்த்தால் செயின் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் இந்த முறையில்தான் தாங்குதிறன் என்ற பெரிய எண் முழுதாகப் பயன்படுகிறது. 8 மில்லிமீட்டர், 8-ஆம் தரச் செயினுக்கு அது 4,000 கிலோ விசை, 10 மில்லிமீட்டருக்கு 6,300, 13 மில்லிமீட்டருக்கு 10,000.

நான்கு மூலையிலும் ஒவ்வொரு செயின், வெளிப்பக்கம் சாய்ந்து. புதிதாகக் கட்டுபவர்கள் இங்கே ஒன்றை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். இயந்திரம் முன்னால் போவதைத் தடுப்பது முன்பக்கச் செயின் அல்ல. பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும் பின்பக்கச் செயின். ஆகவே பிரேக்கின் முழு விசையையும் ஏற்கும் பின் ஜோடிதான் பலமானதாக இருக்க வேண்டும். செயின் தளத்திலிருந்து 45 பாகை ஏறி, பக்கவாட்டில் 30 பாகை விரிந்திருந்தால், முன்பின் திசையில் அதன் திறனில் சுமார் 60 சதவீதம்தான் கிடைக்கும். செங்குத்தாகப் போட்ட செயினுக்கு முன்பின் பிடி அறவே கிடையாது.

செயினும் பெல்ட்டும் ஒரே திசையில் கலக்கக் கூடாது. பாலியஸ்டர் பெல்ட் முழுத் திறனில் 7 சதவீதம் வரை நீளலாம். 5 மீட்டர் பெல்ட் என்றால் 35 சென்டிமீட்டர். செயின் அப்படி நீளாது. எனவே பெல்ட் தன் பங்கை ஏற்பதற்கு முன்பே செயின் மொத்தப் பாரத்தையும் வாங்கிவிடும். இரண்டு கட்டு போட்டதாக நினைத்திருப்போம், வேலை செய்தது ஒன்றுதான்.

கொக்கியையும் பார்க்க வேண்டும். மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியின் தளக்கொக்கிக்கு ஐரோப்பியத் தரநிலை வைத்த குறைந்தபட்ச அளவு 2,000 கிலோ விசை. 10,000 கிலோ செயினை 2,000 கிலோ கொக்கியில் மாட்டினால் அந்தக் கட்டின் பலம் 2,000தான். கனரக இயந்திரங்களை ஏற்றும் டிரெய்லர்களில் இதைவிடப் பல மடங்கு பலமான வளையங்கள் பொருத்தியிருப்பார்கள். அளவு பக்கத்தில் எழுதியிருக்கும்.

இயந்திரத்தின் பக்கெட், பிளேடு, கை எல்லாம் தளத்தில் இறக்கி வைக்க வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தை நம்பித் தூக்கிய நிலையில் விட்டால் வழியில் இறங்கும் அல்லது ஆடும், கட்டு தளரும். அமெரிக்க விதியில் 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோவுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு, தொங்கும் கைகளுக்குத் தனிக் கட்டு.

## கவிழ்வது, உருள்வது, பறப்பது

வழுக்குவது மட்டுமே ஆபத்து அல்ல. உயரமான பொருள் வழுக்குவதற்கு முன்பே சாயலாம். எடை நடுவில் சமமாக உள்ள ஒரு பெட்டி அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உயரமாக இருந்தால் 0.5 ஜி பக்கவாட்டு விசையில் கவிழும். 80 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள அலமாரி 0.4 ஜியிலேயே சாய்ந்துவிடும். இதற்கு ரப்பர் பாய் உதவாது. அடிப்பகுதி நன்றாகப் பிடித்தால் மேல்பகுதி கவிழ்வதுதான் நடக்கும். படுக்க வைக்க முடிந்தால் படுக்க வையுங்கள். முடியாவிட்டால் உயரத்தில் கட்ட வேண்டும், அல்லது இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டி அடியை அகலமாக்க வேண்டும்.

உருளையான பொருளுக்கு ஆப்பு. ஆப்பின் உயரம் உருளையின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் உருளை ஏறித் தாண்டிவிடும். ஆப்பைத் தளத்தில் ஆணியடித்தோ குறுக்குச் சட்டத்தில் பொருத்தியோ வைக்க வேண்டும், சும்மா சொருகி வைத்த ஆப்பு அதிர்வில் நகர்ந்துவிடும்.

குழாய்க் கட்டு தனி அபாயம். மேலே போட்ட பெல்ட் வெளிவரிசைக் குழாய்களைத்தான் அழுத்துகிறது. நடுவில் உள்ளவை ஒன்றையொன்று கோட்டில் தொட்டபடி கிடக்கின்றன; பிரேக்கின்போது அவை ஈட்டிபோல் முன்னால் பாயும். ஆகவே பெல்ட்டைக் குழாய்க் கட்டு முழுவதையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். அப்போது எல்லாப் பக்கமும் நெருக்கும். குழாயின் முனைகள் முன்தடுப்பில் முட்ட வேண்டும், தடுப்பின் உயரத்துக்கு மேல் ஒரு வரிசையும் இருக்கக் கூடாது.

லேசான பொருள்களை எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 30 கிலோ விசையோடு மோதும். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் பிளைவுட் பலகையின் பரப்பு ஏறக்குறைய 2.9 சதுர மீட்டர். முன்விளிம்பு எழும்பிப் பலகை காற்றுக்கு எதிரே நின்றுவிட்டால் அதன் மேல் 85 கிலோ விசை. 18 மில்லிமீட்டர் பலகையின் எடையோ 30 கிலோ சுற்றளவில். பறக்கும். மெத்தை, காலி டிரம், படகு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நடுவில் ஒரு கட்டு போதாது. முன்விளிம்பு எழும்பாமல் அங்கேயே ஒரு கட்டு வேண்டும். மணல், ஜல்லி, குப்பை மாதிரி உதிரிகளுக்குத் தார்ப்பாயோ வலையோதான் வழி.

## எடை எங்கே உட்கார வேண்டும்

காருக்குப் பின்னால் இழுக்கும் சிறு டிரெய்லரில் எடையைச் சக்கர அச்சுக்குப் பின்னால் வைத்தால் டிரெய்லர் வால்போல் ஆட ஆரம்பிக்கும். ஒரு வேகத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானாகவே பெரிதாகி இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடும். கட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் இதற்கு உதவாது. கனமானது அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னாலும், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு எடை, இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியின் மேல் அழுந்துமாறும் ஏற்றுவது பொதுவான நடைமுறை. இழுக்கும் வண்டிக்கு உற்பத்தியாளர் தந்த கொக்கி எடை வரம்பை அது தாண்டக் கூடாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டீயரிங்கை நேராகப் பிடிப்பதுதான் சரி. வேகம் கூட்டி நேராக்கப் பார்ப்பது ஆபத்து.

## பெல்ட்டைச் சோதிப்பது, வழியில் நின்று பார்ப்பது

பெல்ட்டின் ஓரத்தில் அகலத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டு இருந்தால் தூக்கிப் போட வேண்டும். முடிச்சுப் போட்ட பெல்ட்டையும் நம்பக் கூடாது. முடிச்சு பலத்தைப் பாதியாக்கிவிடும். துணிச்சீட்டு கிழிந்துபோனால் அந்தப் பெல்ட்டுக்கு எண்ணே இல்லை, அதையும் பயன்படுத்தக் கூடாது. நீலச் சீட்டு பாலியஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிப்ரொப்பிலீன். லோடு கட்டப் பொதுவாக நீலம். கொக்கியின் வாய் விரிந்திருந்தால், அது ஒருமுறை தாங்குதிறனைத் தாண்டி இழுபட்டது என்று பொருள். சுத்தியலால் அடித்து நேராக்கினாலும் பழைய பலம் வராது.

ராட்செட்டின் உருளையில் பெல்ட் குறைந்தது ஒன்றரைச் சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் நழுவும். மூன்று சுற்றுக்கு மேல் போனால் உருளை நிறைந்து இறுக்கம் ஏறாது. ஆகவே முதலில் தொய்வை எல்லாம் கையால் இழுத்துவிட்டு, பிறகு ராட்செட்டைப் போடுங்கள். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி இறுக்குவதை நிறுத்துங்கள்: பல்சக்கரம் உடையும், அல்லது குழாய் தெறித்து முகத்தில் அடிக்கும்.

கட்டி முடித்த நிமிடத்தில் இருந்த இறுக்கம் அரை மணி நேரத்தில் இருக்காது. அதிர்வில் மூட்டைகள் அமுங்குகின்றன, மரத்தட்டு நசுங்குகிறது, பெல்ட் கொஞ்சம் நீள்கிறது. சரக்கு ஒரு சென்டிமீட்டர் அமுங்கினாலே இறுக்கத்தில் பெரும்பகுதி போய்விடலாம். மேற்கட்டில் இறுக்கம் போனால் எல்லாமே போயிற்று, சுவரில் இருந்து கையை எடுத்த புத்தகம் மாதிரி. அமெரிக்க விதி முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கி.மீ.க்குள், நின்று பார்க்கச் சொல்கிறது. அதன்பின் 150 மைலுக்கு ஒருமுறை அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அது. முதல் 10 கி.மீ.யில் ஒருமுறை இறங்கிப் பார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பெரும்பாலான அமுக்கம் அங்கேதான் நடக்கிறது. அவசர பிரேக் போட்ட பிறகும், மோசமான சாலையைத் தாண்டிய பிறகும் தூரத்தைப் பார்க்காமல் நின்று பாருங்கள்.

சேர வேண்டிய இடம் வந்தபின் அவிழ்ப்பதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வழியில் சரக்கு சாய்ந்து பெல்ட்டின் மேலேயே படுத்திருக்கலாம். அந்த ராட்செட்டைத் திறந்ததும் அது திறப்பவர் மேல் விழும். சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பெல்ட்டாலோ ஃபோர்க்லிஃப்டாலோ தாங்கிக்கொண்டு, மற்றவர்களை விலக்கிவிட்டு, பிறகுதான் திறக்க வேண்டும். செயினை இறுக்கும் நெம்புகோல் பூட்டான லீவர் பைண்டரைத் திறக்கும்போது தலையும் முகமும் கைப்பிடி சுழலும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே தேங்கியிருக்கும் இழுவிசை முழுதும் அந்த ஒரு கணத்தில்தான் வெளியே வரும்.